பட்டியலில் இரண்டாவது வரி

வடக்கனந்தலில் ஊர் முடிந்து கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பார்த்தோம். மூன்று பக்கமும் கரும்பு, நான்காவது பக்கம் மண் பாதை. என் கணவர் கால்நடை மருத்துவர். கல்வராயன் மலைக்கு மாற்றல் ஆகியிருந்தது. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார்.

"இங்க ஒண்டியா இருந்துடுவியா?" என்று கேட்டார்.

நான் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்து, சுற்றுவட்டத்தில் என்னென்ன வைஃபை கிடைக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பட்டியல் வெள்ளையாக இருந்தது.

"இந்த வூடே போதும்ங்க" என்றேன்.

என் வேலை அப்படி. ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே சோதனை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கணினியைச் சுற்றி எந்தெந்த வைஃபை இருக்கிறது என்று தேடி, பெயரையும் சிக்னல் பலத்தையும் வரிசையாகக் காட்டுகிற ஒரு செயலி. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று வகைக் கணினியிலும் அது ஒரே பட்டியலைக் காட்ட வேண்டும். காட்டாது. ஏன் காட்டவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். முதலில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். அங்கே பட்டியலைத் திறந்தால் கடைப் பெயர், பிள்ளைகள் பெயர், சாமி பெயர் என்று திரை நிரம்பி வழியும். எந்தக் கணினி எதை விட்டுவிட்டது என்று தேடுவதற்குள் கண் பூத்துவிடும். கரும்புக்கு நடுவில் அந்தத் தொல்லை இல்லை. கேபிள்காரர் வந்து லைன் இழுத்துக் கொடுத்தார். அதன் பிறகு பட்டியலில் ஒரே வரி, அது எங்கள் வீட்டு வரி. நான் எதிர்பார்க்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான்.

ஜன்னலோரம் மேசை போட்டு மூன்று கணினிகளையும் வரிசையாக வைத்தேன். விண்டோஸும் மேக்கும் கம்பெனி கொடுத்த மடிக்கணினிகள். மூன்றாவது என் பழைய மடிக்கணினி, லினக்ஸ் போட்டது. வீடு மாறி வந்ததிலிருந்து அதில் மட்டும் வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் மக்கர் பண்ணியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்திருந்தேன்.

ஒரு நாள் முற்பகலில் விண்டோஸில் இரண்டாவது வரி ஒன்று வந்தது.

பெயர் என்று சொல்ல முடியாது. தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் அடைபட்ட ஆர், ஏதோ ஒரு குறி. திரும்பவும் அதே ஏ, அதே வட்டம், வேறொரு குறி. மேக்கைப் பார்த்தேன். அதிலும் ஒரு வரி கூடியிருந்தது, ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கணினி இருக்கும் இடத்தை அறிய அனுமதி கொடுக்காவிட்டால் மேக் பெயரை மறைத்துவிடும். அந்த வாரம் அனுமதி கொடுக்காமல் சோதிக்கிற வாரம். பெயரில்லாமல் பலத்தைக் காட்டும் கோடுகள் மட்டும் மங்கலாக நின்றன.

பட்டியலைப் புதுப்பித்தேன். விண்டோஸில் குறிகள் மாறியிருந்தன. பலம் மட்டும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் அது நகரவில்லை, ஓரிடத்தில் இருந்துகொண்டே பெயரை மாற்றிக்கொள்கிறது.

மாலையில் காணாமல் போய்விட்டது. மறுநாள் அதே முற்பகலில் திரும்ப வந்தது.

எங்கள் குழுத் தலைவரிடம் போனில் சொன்னேன். என்னைவிடச் சின்னவர். "அது நம்ம பிழைதான் மேடம். யாரோ அவங்க பாஷையில பேர் வெச்சிருக்காங்க, விண்டோஸ்ல நாம எழுத்த சரியா மாத்தல. லினக்ஸ்ல எப்படிக் காட்டுதுன்னு பாத்து எழுதி அனுப்புங்க" என்றார்.

யாரோ என்று அவர் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. வைஃபை என்பது கூப்பிடு தூரம் வரைக்கும்தான் எட்டும். அந்தக் கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள்? கரும்புக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருப்பது தெரியும். மண் பாதையில் போகும்போது பார்த்திருக்கிறேன். கீழே கட்டி முடித்து, மாடி பூசாமல் நிற்கிற வீடு. காலையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மொபெட்டில் கிளம்பிப் போவார்கள். அதன் பிறகு கேட்டில் பூட்டு தொங்கும். பகல் முழுக்க அங்கே ஆள் கிடையாது.

அடுத்த நாள் ஒரு மணி வாக்கில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் கரும்புத் தோகை உரசுகிற சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டு வரி பட்டியலிலிருந்து மறைந்தது. இனி பட்டியல் வெள்ளையாக இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. இரண்டாவது வரி தனியாக நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறிகள் மாறின.

கரண்ட் வந்ததும் லினக்ஸ் கணினியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனைக் கேபிளில் செருகி அதன் வழியாக இணையம் வாங்கி, டிரைவரை இறக்கிப் போட்டேன். அதற்கே மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அந்தப் போனிலேயே வைஃபை பட்டியலைத் திறந்திருந்தால் முதல் நாளே விஷயம் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குள் போன் தானாக இணைந்துகொள்ளும், அதில் பட்டியலைத் திறந்து பார்க்க யாருக்கு வேலை வருகிறது?

லினக்ஸில் பட்டியல் வந்தது. முதல் வரி எங்கள் வீடு. இரண்டாவது வரியில் சுத்தமான தமிழில் இருந்தது:

பச்ச பொடவ.

படித்துவிட்டு, இது தமிழா, அதனால்தான் விண்டோஸ் குழம்பியிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதி அனுப்பலாம் என்று கையை நீட்டினேன். நீட்டிய கையின் மேல் கிடந்த முந்தானையைப் பார்த்தேன். அன்று நான் கட்டியிருந்தது பச்சைப் புடவை.

காலையில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டேன். அப்போது பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது, இந்த ஜன்னல் வழியாக. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். திரும்ப வந்து பட்டியலைப் புதுப்பித்தேன்.

மூடிட்ட.

அன்று கணவர் வரும்வரை சமையலறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் மாட்டு வாசனையும் மலைக் குளிரும் ஒன்றாக வீசும். அன்று அது பெரிய ஆறுதலாக இருந்தது. கணினியைத் திறந்து காட்டினேன். பொழுது சாய்ந்திருந்ததால் ஒரே வரிதான் இருந்தது.

"எங்கம்மா?"

"சாயங்காலம் ஆனா போயிடுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார், மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார். "யாரோ பசங்க வேலையா இருக்கும். கரும்புக்குள்ள போன் வெச்சிக்கினு உக்காந்து வெளாடுதுங்க. ஞாயித்துக்கெழம நான் இருப்பேன் இல்ல, அப்ப புடிக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேசை முன்னால் உட்கார்ந்தே இருந்தார். அன்று இரண்டாவது வரி வரவே இல்லை. திங்கட்கிழமை அவர் பைக் சத்தம் காச்சிராயபாளையம் பக்கம் தேய்ந்து போன சிறிது நேரத்தில் வந்தது. மலையில் கோமாரித் தடுப்பூசி போடுகிற சமயம், அவரால் லீவு எடுக்க முடியாது. நான் தனியாக இருப்பது அந்த வரிக்குத் தெரிகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

பயம் ஒரு எல்லைக்கு மேல் போனால் கோபமாகிவிடும் போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வைஃபையின் பெயரை மாற்றினேன். அவனுக்குப் படிக்கத் தெரியும் அல்லவா, படிக்கட்டும் என்று 'யாரு நீ' என்று வைத்தேன். அவன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

பட்டியலைப் புதுப்பித்தேன். பச்சைப் புடவை, கொக்கு, லாரி என்று என்னென்னவோ மாறிக்கொண்டிருந்த வரி அன்று வெகுநேரம் மாறாமல் கிடந்தது. பிறகு மாறியது.

பாக்கறேன்.

அவ்வளவுதான். லினக்ஸ் கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டி வெளியே வந்துவிட்டேன். போன் எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் போனில் மூன்று கோடு நான்கு கோடு என்றுதான் காட்டும். கணினியில் பலம் எண்ணாக வரும், ஒரு சிறு ஏற்ற இறக்கமும் தெரியும். ஆள் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று பார்த்துவிட்டு, பாதையில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

நல்ல வெயில். கொல்லைப் பக்கம் போனேன், பலம் ஏறியது. கரும்புக்குள் ஒரு வரப்பு போகிறது, அதில் இறங்கினேன். இரண்டு பக்கமும் என்னைவிட உயரமாகக் கரும்பு. காற்று இல்லை, ஆனாலும் தோகைகள் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நடப்பேன், நிற்பேன், பட்டியலைப் புதுப்பிப்பேன். கணினி மெல்லத் தேடி முடிக்கும். எங்கள் வீட்டு வரி ஒவ்வொரு தடவையும் இறங்கியது, மற்றது ஏறியது. ஒரு இடத்தில் இரண்டும் சமமாக இருந்தன. அடுத்த தடவை 'யாரு நீ' கீழே போய், 'பாக்கறேன்' மேலே வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். வீடு தெரியவில்லை. முன்னாலும் ஒன்றும் தெரியவில்லை. தோகையின் வெள்ளைச் சுணை கழுத்தில் அரித்தது. எங்கோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம், அதுவும் நின்றது. என் பின்னால் தோகை சலசலப்பது போல இருந்தது, நின்றால் அதுவும் நின்றது. என் முந்தானை உரசுகிற சத்தம்தான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் போனேன். கரும்பு விலகி, கோரைப்புல்லும் கோவைக்கொடியும் மண்டிய ஒரு திட்டு வந்தது. அதைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் மறுபடி வரப்பு தெரிந்தது. கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கால் எடுத்து வைத்தேன். நின்றேன். புதுப்பித்தேன்.

நில்லு.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இங்கே, இந்தக் கணத்தில். கணினியை மூடிவிட்டு ஓட வேண்டும். விரல் என் பேச்சைக் கேட்காமல் இன்னொரு முறை அந்தப் பொத்தானை அழுத்திவிட்டது. தேடியது. தேடிக்கொண்டே இருந்தது.

கிணறு.

கீழே பார்த்தேன். கோவைக்கொடி பச்சையாகப் படர்ந்திருந்தது. அதன் மேல் ஒரு ஓணான் ஓடியது. அது ஓடிய இடத்தில் கொடி ஊஞ்சல் மாதிரி ஆடியது. கீழே மண் இருந்தால் கொடி ஆடாது. குனிந்து இலைகளை விலக்கினேன். சுவரே இல்லாத, தரையோடு தரையாக வெட்டிய பழைய கிணறு. என் செருப்பு நுனிக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இருக்கலாம். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் வந்து பட்டது. தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு ஆழம்.

அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது கரும்புக்கு மேலே அந்தப் பூசாத மாடி தெரிந்தது. அதில் ஒரு ஜன்னல். கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டு சிவப்புத் துண்டு ஒன்றை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. கையில் கண்ணாடி வளையல்கள்.

கிணற்றைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டில் பூட்டு. மாடி ஜன்னலில் இருபது, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "யாரும்மா நீ?" என்று கத்தினேன். அவள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். பிறகு போனைக் குனிந்து தட்டினாள், என் கையிலிருந்த கணினியைச் சுட்டிக் காட்டினாள். பட்டியலைப் பார்த்தேன்.

காது இல்ல.

நான் கணினியில் பெரிய எழுத்தாக 'பூட்டியது யார்' என்று அடித்துத் திரையை அவள் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அவள் படித்துவிட்டுப் போனைத் தட்டினாள். 'மாமியா' என்று வந்தது. இப்படியே முருங்கை மரத்து நிழலில் நின்றுகொண்டு நான் திரையைக் காட்டினேன், அவள் பெயரை மாற்றினாள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். வைஃபை பெயரில் தமிழென்றால் சுமார் பத்து எழுத்துக்குறிதான் கொள்ளும், அதனால் எல்லாம் துண்டுத் துண்டாக வந்தது. ஒரு தடவை 'பயமா' என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். நான் கேட்ட அவளுடைய முதல் சத்தம் அந்தச் சிரிப்புதான், தொண்டையிலிருந்து வந்த உரத்த சிரிப்பு.

அன்று மாலை மொபெட் வரும்வரை என் வீட்டு வாசலில் காத்திருந்து, பின்னாலேயே போனேன். அவள் மாமியார் கூடையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கரும்புக்கு அந்தாண்ட வூட்டுக்காரம்மாவா? வா. இன்னா சமாச்சாரம்?"

மருமகளை ஏன் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"பூட்டாம? அதுக்குக் காது கேக்காது, வாயும் வராது. போன மாசம் வாசல்ல நின்னுக்கினு கீது, டிராக்டரு ரிவர்ஸ்ல வர்றான். நானு தொண்ட கிழியக் கத்துறேன், திரும்பவே இல்ல. மயிரிழைல தப்பிச்சிது. எம்மவன் நெல் அறுக்குற மிஷினு ஓட்டிக்கினு தஞ்சாவூரு பக்கம் சுத்துறான். இதும் பாட்டுக்கு எங்கனா போயி, கெணறு கீது, மோட்டாரு கீது, ஏதனா ஒண்ணு ஆச்சுன்னா மலைலேர்ந்து அவங்கப்பன் வந்து கேப்பான். நான் இன்னா பதிலு சொல்றது?"

"அந்தக் கெணத்துல நான் இன்னிக்கி வுழ வேண்டியதுங்க. உங்க மருமவதான் காப்பாத்திச்சி."

அவர் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். எப்படி என்று சொன்னேன். வைஃபை, பெயர், பட்டியல் எதுவும் அவருக்குப் புரியவில்லை. "கத்துச்சா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கத்தவில்லை, எழுதியது என்றேன். எங்கே எழுதியது என்றார். காற்றில் என்றேன். அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை மொபெட் எங்கள் வாசலில் நின்றது. மாமியார் இறங்கிவந்து கேட் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ வூட்ல தான கீற. ஒரு கண்ணு பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து பகலில் அவள் என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். லினக்ஸ் கணினியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் அடிப்பாள், நான் அடிப்பேன். மலைமேல் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. காது கேளாதவர்கள் பள்ளியில், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். ஹாஸ்டலில் பெண்களிடம் பழைய போன்கள் இருந்தன, ரீசார்ஜ் பண்ணக் காசு இருக்காது. சிம்மே இல்லாவிட்டாலும் போனையே வைஃபையாக்குகிற ஹாட்ஸ்பாட் போடலாம், அதன் பெயரை மாற்றலாம். விளக்கணைத்த பிறகு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பேசிக்கொள்ள அதுதான் வழி. யாராவது கண்ணில் பட்டால் அவர்கள் உடுத்தியிருப்பதைப் பெயராக வைப்பார்கள். உன்னைப் பார்த்துவிட்டேன், கூட இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம். கல்யாணமாகி வந்து இங்கே பூட்டின வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, போனில் எங்கள் வீட்டு வைஃபை வந்ததைப் பார்த்திருக்கிறாள். எதிரில் ஒரு ஆள் இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறாள். மாமியார் முன்னால் போனைத் தொட்டால் திட்டு விழும், அதனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடையாது.

விண்டோஸில் தன் பெயர்கள் எப்படித் தெரிந்தன என்று பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு மதியம். அவள் ஏதோ அடித்துவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினாள்.

'அன்னைக்கு உன் பின்னால வந்தது யார்?'

எந்த அன்றைக்கு என்று கேட்டேன்.

'கிணறு அன்னைக்கு. கரும்புல. நீ நடந்த, அது நடந்துச்சு. நீ நின்ன, அதுவும் நின்னுச்சு.'

நான் தனியாகத்தான் வந்தேன் என்று அடித்தேன். விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன, அழித்து அழித்து எழுதினேன். அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு அடித்தாள்:

'தலையில துண்டு. முகம் தெரியல. உங்க வூட்டு ஆளுன்னு நெனச்சேன். நீ உக்காந்த அப்புறம் கரும்புக்குள்ள போயிடுச்சு.'

ஆணா பெண்ணா என்று கேட்டேன். அது என்றே திரும்பவும் எழுதினாள். எங்கள் பக்கத்தில் பொம்பளையையும் அது என்போம், பிள்ளையையும் அது என்போம், ஆட்டையும் அது என்போம். அதற்கு மேல் விவரம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை உயர்த்தி என் தோள் உயரம் காட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் உயர்த்தினாள்.

கணவரிடம் சொன்னேன். "மடை திருப்ப வந்தவனா இருப்பாம்மா. தோக உரிக்க வந்த ஆளா இருக்கும். நீ பொட்டியத் தூக்கிக்கினு போனா, இன்னாடா இதுன்னு பின்னால வந்து பாத்திருப்பான்" என்றார். இருக்கலாம். ஆனால் வேலைக்கு வந்தவன் என்றால் அந்த இடத்தில் கிணறு இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்குமே. நான் அதை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு குரல்கூடக் கொடுக்காமல் ஏன் வந்தான்? நான் இதைக் கேட்டதும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மறுநாளே கொல்லைக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார்.

மாமியாரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. துண்டு என்ன நிறம், எந்தப் பக்கம் போயிற்று, எதுவுமே கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் மிளகாயும் உப்பும் கொண்டுவந்தார். என்னையும் மருமகளையும் கிழக்கு பார்த்து உட்கார வைத்துச் சுற்றினார். அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி துளிகூட வரவில்லை. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த வரப்புல இனிமே போவாதம்மா" என்றார். அந்த வாரமே பெரியவர் கருவேல முள் வெட்டி வந்து கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி போட்டார். இத்தனை வருஷம் போடாத வேலி.

தை கழிந்து ஆலைக்குக் கரும்பு வெட்டினார்கள். ஆட்கள் வெட்டிக்கொண்டே வர வர, வெட்டின இடமெல்லாம் வெளிச்சமானது. கடைசிக் கரும்பும் விழும்வரை நான் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். உள்ளேயிருந்து இரண்டு முயல்கள் ஓடின, ஒரு சாரைப்பாம்பு போனது. வேறு ஒன்றும் வரவில்லை. அதுவரை தோகை நுனிகளுக்கு நடுவே துண்டாக மட்டும் தெரிந்த அவள் ஜன்னல், அதன் பிறகு எங்கள் ஜன்னலிலிருந்து நேராகத் தெரிந்தது. கையசைத்தால் போதும். பட்டியலில் இரண்டாவது வரி வருவது குறைந்து, நின்றேவிட்டது. எங்கள் செயலியில் தமிழ்ப் பெயர்கள் மூன்று கணினியிலும் ஒழுங்காக வரத் தொடங்கின. சோதித்துப் பார்க்க நான் அனுப்பிய பெயர்கள் எல்லாம் அவள் வைத்தவைதான்.

அவள் பிரசவத்துக்கு மலைக்குப் போனாள். பெண் குழந்தை. தட்டு விழுந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டு அழுததாம். மாமியார் அதை என்னிடம் வந்து சொன்னபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கணவருக்கு அந்தப் பக்கம் முகாம் இருந்த ஒரு நாள் நானும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேலே ஏற ஏறப் பனி இறங்கிக்கொண்டு வந்தது. மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் ஓட்டு வீடு. கணவர் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குழந்தையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. என் போனில் அடித்துக் காட்டினேன்: 'அன்னைக்குக் கரும்புல வந்த ஆளை அதுக்கு முன்னாலயோ பின்னாலயோ எப்பவாவது பாத்தியா?'

அவள் படித்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாசலுக்கு வெளியே பார்த்தாள். பனியில் எதிர்க் கொல்லைகூடத் தெரியவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கித் திரையை அணைத்து, கவிழ்த்துத் தரையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.